வரிக்கு வரி பேர்

"மைனி, இது கதைப் பக்கமா, ரேஷன் கடை போர்டா?"

ஜோஸ்மி செல்போனை அண்ணன் மனைவி லிஜியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பாறசாலை ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள் ஜோஸ்மி. பூவார், பொழியூர் பக்கத்து மணவாட்டிகள் அவள் கைபட்ட ஆல்பம்தான் வேண்டுமென்று காத்திருப்பார்கள். அவள் வீட்டிலிருந்தே இப்படி ஒரு பக்கம் வெளியே போனால்?

வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. பேருக்கு ஒரு பூ கூட இல்லை.

ஐந்து பேர் சேர்ந்து எழுதும் கதை அது. ராஜா, ராணி, மந்திரி என்று ஆளுக்கொரு வேஷம். அவரவர் வீட்டிலிருந்து செல்போனில் மாறி மாறி எழுதுவார்கள். யாரும் யாரையும் நேரில் சந்தித்துப் பேசியதில்லை. மந்திரி லிஜி. எழுதியதை அடுக்கிப் பக்கமாக்குவதும் அவள் பொறுப்பு. அடியில் 'பக்க அமைப்பு: லிஜி' என்று வரும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயர் அச்சு மாதிரி வருகிற இடம் அது ஒன்றுதான்.

"ராஜா பேசினா நீலம், ராணி பேசினா சிவப்புண்ணு குடுத்தாப் போராதா? வரிக்கு வரி ராணி, ராணிண்ணு பேரு எழுதி வச்சிருக்கிய. ஒண்ணாம் கிளாஸ் நாடகம் போல."

"இருக்கட்டு மக்கா." லிஜி தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் வரிக்கு ரெண்டு பக்கமும் அழகுக்கு நட்சத்திரக் குறி வைக்குதாவ. நீங்க அதையும் பறிச்சுக் களையுதிய. அந்த அனூப் செஞ்ச பக்கத்தைப் பாத்தியளா?"

பார்த்திருந்தாள். ராஜா வேஷம் போடும் அனூப் அரண்மனைப் படத்தின் மேலேயே கதையை எழுதி அனுப்பியிருந்தான். இனி யார் பக்கம் அமைப்பது என்று சனிக்கிழமை அந்தச் செல்போன் கூட்டத்தில் ஓட்டு.

ஜோஸ்மிக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே ஸ்டுடியோவில் உட்கார்ந்து தானே ஒரு பக்கம் செய்து கொண்டுவந்தாள். குத்துவிளக்கு வெளிச்சம், பட்டுத் திரை, அதன் மேல் தங்க எழுத்தில் முழுக்கதையும் ஒரே படமாக.

"இதைப் போடுங்க மைனி. அனூப் ஓடி ஒளிஞ்சிருவான்."

லிஜி வெகுநேரம் பார்த்தாள். "நல்ல அழகா இருக்கு மக்கா. ஆனா வேண்டாம்."

"அதென்ன, வேண்டாம்?"

"வேண்டாம்."

"கான்வென்டில படிச்ச அகம்பாவமாக்கும்," என்று ஜோஸ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. லிஜியைத் தவிர்த்து மற்ற நாலு பேருடைய ஓட்டும் அனூப்புக்கே. லிஜிக்கு மிகவும் பிடித்த நந்தனா, ராணியாக எழுதுகிறவள், அவளும்கூட 'அனூப் அண்ணன் பக்கத்துக்க நிறம் என்ன அழகு' என்று எழுதியிருந்தாள்.

"ஒங்க ராணியும் காலை வாரிட்டாளே," என்றாள் ஜோஸ்மி.

லிஜி கூட்டத்துக்கு எழுதினாள்: 'சந்தோஷம். ஒரே ஒரு காரியம். படத்துக்குக் கீழே கதையை வெறும் எழுத்தாகவும் போடணும். வரிக்கு வரி பேர் வேணும். நட்சத்திரம் வேண்டாம்.'

'அதை ஆரு பாக்கப் போறா சேச்சி?' என்று கேட்டான் அனூப்.

'வேணும். இல்லாட்டி மந்திரி வேஷத்தை நான் விடுதேன்.'

அனூப் ஒத்துக்கொண்டான். அடுத்த பக்கம் பளபளவென்று வந்தது. அடியில் லிஜியின் பெயர் இல்லை.

"பேரும் போச்சு. வீம்பு மட்டும் போகல்ல," என்றாள் ஜோஸ்மி.

திங்கட்கிழமை பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜோஸ்மிக்கு ஜன்னலோரப் பெண்ணின் பக்கத்தில் இடம் கிடைத்தது. தனுவச்சபுரம் காலேஜுக்குப் போகிறவள் போலிருந்தது. மடியில், தட்டித் தட்டி வழி பார்க்கும் வெள்ளைக் குச்சி மடக்கிக் கிடந்தது. காதோடு ஒட்டிப் பிடித்திருந்த செல்போன் அவளுக்கு எதையோ வாசித்துக்கொண்டிருந்தது.

"படம்," என்றது போன்.

பெண் விரலால் தள்ளினாள்.

"மந்திரி: கோட்டைக் கதவை அடைத்துவிடுங்கள். ராணி: மந்திரியாரே, கதவை அடைத்தால் காற்று எந்த வழியாய் வரும்? ராஜா: தலையில் அடித்துக்கொள்கிறார்."

பெண் களுக்கென்று சிரித்தாள். ஜோஸ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன கதை மக்கா?"

"எங்க கூட்டம் எழுதற கதை சேச்சி. ராணி நானாக்கும்."

"படமெல்லாம் போட்டிருக்காவளே. எப்படி இருக்கு?"

பெண் செல்போனை மடியில் தாழ்த்திக்கொண்டாள்.

"நல்ல அழகுண்ணு எல்லாரும் சொல்லுதாவ. நானும் சொன்னேன்."

ஜோஸ்மிக்குத் தன் தங்க எழுத்துப் பக்கம் நினைவுக்கு வந்தது. முழுக்கதையும் ஒரே படம். இந்தப் போன் அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கும். நீலம், சிவப்பை அது வாசிக்காது; நட்சத்திரத்தையோ வரிக்கு இரண்டு தடவை 'நட்சத்திரம்' என்று வாசித்திருக்கும்.

பாறசாலையில் இறங்கியதும் லிஜிக்குப் போன் போட்டாள்.

"மைனி, ஒங்க ராணியைப் பாத்தேன்."

சிணுங்கும் குழந்தையை லிஜி தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒங்களுக்கு முன்னமே தெரியும், இல்லியா?"

"பிள்ளைக்கு ஊசி போடப் போனப்ப அதே பஸ்ஸில பாத்தேன். போன் நம்ம கதையை அவளுக்கு வாசிச்சிட்டிருந்துது. நான் ஆருண்ணு அவளுக்குத் தெரியாது."

"பின்ன ஏன் கூட்டத்தில வாயைத் தொறக்கல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒங்க பேரை எவனும் எடுத்திருக்க மாட்டானே."

"சொல்லியிருந்தா எனக்குப் பேரு கிடைச்சிருக்கும். அவளை எல்லாரும் பாவம்ணு சொல்லியிருப்பாவ." லிஜியின் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "அங்க அவ ராணியாக்கும், மக்கா."