தோண்டி எடுத்தது

அருங்காட்சியகத்தின் பின்னறையில் சாய்வெயில் மேசையின் பாதியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. மீன் பதிந்த கல் ஒன்று பஞ்சின்மேல் படுத்திருக்க, கற்பிரிவின் பொறுப்பாளி அதற்கான விளக்கப் பலகையில் மெல்லிய தூரிகையால் எழுத்துத் தீட்டுகிறாள். வீட்டுச் சாவி வாங்க வந்த அவளுடைய அண்ணி உட்காராமல் எதிரே நிற்கிறாள். சுரங்கம் சரிந்து அண்ணன் உள்ளே சிக்கி நான்கு மழைக்காலம் போய்விட்டது. தோண்டினால் இன்னும் சரியும் என்று சொல்லி, சுரங்க வாயைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். இன்றுவரை அந்த வீட்டில் யாரும் ‘செத்துட்டார்’ என்று சொன்னதில்லை. ‘உள்ள இருக்கார்’ என்பதுதான் பேச்சு.

“என்னம்மா எழுதுற?” என்கிறாள் அண்ணி. “ஒரு வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு, அண்ணி. நாம புதைபடிவம்னு சொல்றோம்ல, அதுக்கு ஃபாசில்னு ஒரு பேர் உண்டு. லத்தீன்ல அதுக்கு அர்த்தம்...” அவள் பலகையைக் கையால் மறைப்பதற்குள் அண்ணியே படித்துவிடுகிறாள்: “தோண்டி எடுத்தது.” மேலே மின்விசிறி கடகடக்கிறது. தூரிகை நுனியில் மை திரண்டு விழப்பார்க்கிறது. அண்ணி குனிகிறாள். மீனின் கண் இருந்த குழியில் படிந்த தூசியை, தூங்குகிறவரைத் தொடுவது போல, கட்டைவிரலால் மெல்லத் துடைக்கிறாள்.

“கொடுத்துவெச்ச மீனு,” என்கிறாள்.