மாடி அறைக் கட்டில்

ஜன்னல் பச்சையா நீலமா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பழைய மாளிகையின் மாடி அறையில் வழிகாட்டி குரலைத் தாழ்த்தியது நினைவிருக்கிறது.

“வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி. இந்தக் கட்டில்லதான் காய்ச்சல்ல கண்ணை மூடுனாங்க.”

“ஐயோ பாவம்,” என்றபடி ஒருத்தி செல்ஃபி எடுத்தாள்.

கடைசியாக நின்ற அம்மாள் கேட்டாள். “யார் சொன்னது தம்பி?”

“கூடப் பிறந்த அண்ணனேம்மா. வேற வாரிசே இல்லைன்னுதான் வீட்டை வித்தாரு.”

அம்மாள் கட்டில் காலைத் தடவினாள். சிறுவயதில் அவள் ஆணியால் கீறிய மீன் அப்படியே இருந்தது. ‘வீடு இடிஞ்சு போச்சு, வராதே’ என்றல்லவா அண்ணன் சொல்லியிருந்தான்!

அண்ணன் வெளிநாட்டில் சௌக்கியம். வழிகாட்டி இன்றும் அதே கதையைத்தான் சொல்கிறார். செத்துப்போன தங்கை மட்டும் அவ்வப்போது டிக்கெட் வாங்கி, தன் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போகிறாள்.