இன்னொரு சுற்று

"பெரியவங்க ரெண்டு பேரையும் ராட்டினத்துல ஏத்தி விட்டாச்சு. இனிமே நாம தைரியமா பேசலாம்," என்று சொல்லி, பெஞ்சில் இருந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள் பல் டாக்டர்.

அவள் விட்ட இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்தான். பெஞ்ச் ஜில்லென்று இருந்தது.

குளிர்கால விடுமுறை. பொழுதுபோக்குப் பூங்கா நிரம்பி வழிந்தது. காதை மூடிய கம்பளிக் குல்லாக்களோடு பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். வாசலில் ஓர் இயந்திரம் சோப்பு நுரையைப் பனி என்று தூவிக்கொண்டிருந்தது. அதை நம்பி நாக்கை நீட்டிய ஒரு குழந்தை முகத்தைச் சுளித்தது.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்தால், பேச்சு நின்றதும் மேஜையைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்கும். இங்கே என்றால் வேடிக்கை பார்க்கவாவது ஏதாவது இருக்கும் என்று போனில் சொல்லியிருந்தாள். அது எவ்வளவு சரி என்று அவனுக்கு இப்போது புரிந்தது. ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"என்ன, வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க?"

"பல் டாக்டர் முன்னால வாயைத் திறக்க யாருக்குத் தைரியம் வரும்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்கும் பாதிப் பயம் தெளிந்தது.

"உங்க அம்மாவும் இப்படித்தான். பல் புடுங்க வந்தாங்க. நான் ஊசியைக் கையில எடுத்தா, 'பயப்படாம போடும்மா, நான் கடிக்க மாட்டேன்'னு எனக்குத் தைரியம் சொல்றாங்க! அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன், இந்தச் சம்பந்தத்தை விடவே கூடாதுன்னு."

"அம்மா காலையில இருந்து மூணு சேலை மாத்திட்டாங்க."

"எங்க அப்பா மட்டும் என்னவாம்? புது ஷூ! கடிக்குது போல. முள்ளு மேல நடக்கற மாதிரி நடக்கிறார், பாத்தீங்களா?"

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ராட்டினம் சாவதானமாகச் சுற்றியது. மஞ்சள் நிறக் கூண்டுக்குள் அவனுடைய அம்மாவும் அவளுடைய அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, விஷயத்துக்கு வருவோம்," என்றாள் டாக்டர். "எதையும் முன்னாடியே பேசிடறது நல்லது. குறட்டை உண்டா?"

"கிடையாது. ஆனா தூக்கத்துல பேச்சு உண்டு. உங்க பக்கம்?"

"குறட்டைதான். ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்புறம் மறைச்சுட்டோம்னு பேச்சு வரக் கூடாது, ஆமா."

"சமையல்?"

"வெந்நீர் பிரமாதமா வைக்க வரும்."

"அது போதும்," என்று சிரித்தான் அவன். "கோபம்?"

"வரும். வந்த வேகத்துலயே போயிடும்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க சொந்தக்காரங்க என்ன சொல்றாங்க?"

"மாமா ஒருத்தர்தான் குதியோ குதின்னு குதிக்கிறார். குடும்ப மானம் போச்சாம். கல்யாணத்துப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாராம்."

"எங்க அத்தையும் அப்படித்தான். விஷயத்தைச் சொன்னதும் போனை வெச்சவங்க, இன்னும் எடுக்கலை. விடுங்க. கூடவே இருந்து வாழப் போறது மாமாவும் அத்தையுமா?"

அவன் தலையாட்டினான். அவளோடு பேசுவது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் எங்க இருக்கறதா யோசனை?" என்று கேட்டான்.

"எங்க வீடு பெருசு. பேச்சுக் குரலே இல்லாம வெறிச்சுன்னு கிடக்கு. அங்கேயே இருக்கலாம்னு எனக்கு ஆசை. இல்லை, தனிக்குடித்தனம்தான்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"நானும் நிக்க மாட்டேன்."

பிறகு, வந்ததிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்ததை அவன் கேட்டே விட்டான்.

"மேல இருந்து இறங்கி வந்து, இது சரிப்படாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். மறுபடியும் திறந்தாள். "எனக்கும் அந்தப் பயம்தான்," என்றாள் மெதுவாக.

ராட்டினம் வேகம் குறைந்து நின்றது. மஞ்சள் கூண்டு கீழே வந்தது. ஊழியர் கதவைத் திறந்துவிட்டார். யாரும் இறங்கவில்லை. அம்மா தலையை வெளியே நீட்டி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கதவை மறுபடி சாத்தினார்.

"இன்னொரு சுத்து போறாங்க!" டாக்டர் அவன் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

கூண்டு மேலே ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மா வாய்விட்டுச் சிரிப்பது தெரிந்தது. அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எழுந்து நின்றான்.

"டாக்டர்..." என்றான்.

"இனிமே என்ன டாக்டர்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க அப்பாவைக் கட்டிக்க உங்க அம்மாவுக்குச் சம்மதம்! தங்கச்சின்னு கூப்பிடு, அண்ணா!"