இரண்டு மீனுக்கு இருநூறு லிட்டர்

லோடு ஆட்டோவிலிருந்து நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி இறங்கியதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

எட்டு நாளைக்கு ஒருமுறை நகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிற தெரு அது. அதிலும் சித்திரை மாதம்.

“என்னல இது, கணேசு?” என்று கேட்டாள் எதிர்வீட்டு வெயிலுகந்தம்மாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை. வீட்டில் அவளும் இரண்டு ஆடுகளும்தான். வாய் மட்டும் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

“மீன் தொட்டி, பெரியம்மா” என்றான் செல்வகணேஷ்.

“எத்தன மீனு?”

“ரெண்டு.”

“எம்புட்டுத் தண்ணி பிடிக்கும்?”

“இருநூறு லிட்டர்.”

வெயிலுகந்தம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“மனுசன் இங்கன குளிக்கதுக்கே நாள் பாத்துக்கிட்டுக் கெடக்கான். மீனுக்கு ஆளுக்கு நூறு லிட்டரா? வெளங்கிரும் இந்தத் தெரு.”

செல்வகணேஷ் தொட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அந்தத் தங்கமீன்கள் இரண்டும், கல்லூரி விடுதிக்குப் போன மகள் விட்டுவிட்டுப் போனவை. மூன்று வருசமாக ஃபிரிட்ஜ் மேல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்தன. இப்போது விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன, திரும்பக்கூட இடமில்லை என்று சொல்லித்தான் இந்தத் தொட்டியை வாங்கினான்.

வளர்ப்பு மீன் கடை சக்திகுமார் கூடவே வந்து பொருத்திக் கொடுத்தான்.

“புதுசா வார தண்ணிய அப்படியே ஊத்திராதீங்க அண்ணாச்சி. ரெண்டு நாளாவது பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கணும்.”

“எங்க தெருவுல நீ கேட்டாலும் புதுத் தண்ணி கெடைக்காது தம்பி. எல்லாம் எட்டு நாள் பழசுதான்” என்றாள் செல்வகணேஷின் மனைவி அமுதவள்ளி.

மீன்களுக்குப் பெரிய வீடு பிடிபடவில்லை. நாலடித் தொட்டியின் ஒரு மூலையில், பழைய கிண்ணம் எவ்வளவோ அவ்வளவு இடத்தில் மட்டும் வட்டமடித்துக்கொண்டிருந்தன. மற்ற இடத்துக்கு வாடகை கேட்பார்கள் என்று பயந்தனவோ என்னவோ.

கூத்து ஆரம்பித்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு வேறு ஊற்ற வேண்டும். செல்வகணேஷ் ஒரு ரப்பர் குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டான். தெருவே பார்க்க, தண்ணீர் சாக்கடையில் கொட்டியது.

“ஏலே, நிறுத்துல.”

வெயிலுகந்தம்மாள் முழங்கால் வலியையும் பார்க்காமல் குடத்தோடு ஓடி வந்தாள்.

“இந்தக் கோடையில தண்ணியக் கொண்டு சாக்கடையில விடுதியே, ஒனக்குக் கை கூசல?”

“மீன் அழுக்குத் தண்ணி பெரியம்மா. எதுக்கு ஆவும்?”

“எதுக்கு ஆவுமா? கக்கூசுக்கு ஆவும். முருங்கைக்கு ஆவும். ஆடு கட்டுத எடத்தக் கழுவ ஆவும். படிச்சவன்தான நீ?”

ஏசிக்கொண்டே ஏழு குடம் பிடித்தாள். ஏழாவது குடம் நிரம்பி வழிந்த பிறகும் ஏச்சு ஓயவில்லை.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கு அடுத்த வாரமும் அவன் குழாயைச் சாக்கடைப் பக்கம்தான் போட்டான், அவள் குடத்தோடு வந்து ஏசினாள். நாலாவது வாரம் அவனுடைய முப்பாட்டன் வரைக்கும் போய்விட்டாள்.

அமுதவள்ளிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. பூக்காரிகூட அவளை “மீன் வீட்டு அக்கா” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவமானமாக இருந்தது.

ஒருநாள் மார்க்கெட்டில் சக்திகுமாரைப் பார்த்து, “ஏன் தம்பி, வாராவாரம் பாதித் தொட்டிய மாத்தித்தான் ஆவணுமா?” என்று கேட்டாள்.

“எதுக்குக்கா? தண்ணியச் சுத்தம் பண்ணுத நல்ல பில்டரா மாட்டிட்டா அப்பப்ப ரெண்டு வாளி மாத்துனாப் போதும். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அண்ணாச்சிதான் வேண்டவே வேண்டாம்னுட்டாவ.”

அமுதவள்ளி காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கணவன் முன்னால் வந்து நின்றாள்.

“இந்த ஞாயித்துக்கெழமக்குள்ள தொட்டி கடைக்குத் திரும்பிப் போவணும். இல்லன்னா நான் பசுவந்தனைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிருவேன்.”

“ஏட்டி, என்ன ஆச்சு இப்பம்?”

“பில்டர் வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே. வேணும்னே தண்ணியச் சாக்கடையில விட்டு, பெரியம்மாகிட்ட வாராவாரம் ஏச்சு வாங்குதீங்களே, ஒங்களுக்கு என்ன கிறுக்கா? அதுக்கு ஏழு கொடம் நல்ல தண்ணிய நேரா அவிய வீட்லயே கொண்டு குடுத்துரலாம்லா?”

செல்வகணேஷ் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான்.

“மெதுவாப் பேசு. நம்ம வரிசை பள்ளம், தரைத்தொட்டி நெறையத் தண்ணி வருது. எதிர்வரிசை மேடு, அவிய குழாயில வெறும் காத்துதான் வருது. போன கோடையில நீ ரெண்டு கொடம் குடுத்தியே, மறுநாளு என்ன செஞ்சாவ?”

அமுதவள்ளி காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். மறுநாள் விடியுமுன்பே வெயிலுகந்தம்மாள் மூன்று தெரு தள்ளிப்போய் அடிபம்பில் அடித்து, நொண்டி நொண்டிச் சுமந்து வந்து, இரண்டு குடத் தண்ணீரையும் இவர்கள் வாசலில் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“அவிய அப்படித்தான் வள்ளி” என்றான் செல்வகணேஷ். “நாம குடுத்தா வாங்க மாட்டாவ. வீணாப் போவுதுன்னா விடமாட்டாவ.”