நெருப்பில் வேகாதது

சாம்பலை இரண்டாம் முறையும் துழாவிப் பார்த்துவிட்டாள் வசந்தா. குண்டைக் காணவில்லை.

பால் தெளித்து ஆற்றிய சாம்பல். இடுப்பு இருந்த இடத்தில் மட்டும் அடியில் இன்னும் கதகதப்பு இருந்தது. விரல்களை விரித்து அரித்தாள். ஏரிச் சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவிப் பிடிக்கிற விரல்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் எது கல், எது உயிர் என்று அவற்றுக்குத் தெரியும்.

எலும்புதான் வந்தது.

எலும்பு பொறுக்க ஆண்கள்தான் வருவார்கள். அவள் புருஷன் உலகநாதனுக்கு இரண்டும் பெண்கள். கூடப் பிறந்தவர்களும் இல்லை. தானே போவதாக அவள் கிளம்பியபோது ஊரில் யாரும் மறுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து அவனுக்கு இடுப்பு மூட்டு நொறுங்கிப்போனது. சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உள்ளே வைக்கப்போவதன் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்துக் காட்டினார். ஒரு கம்பி. அதன் தலையில் ரோஸ் நிறத்தில், சின்ன எலுமிச்சம்பழம் அளவில் பளபளப்பான குண்டு.

"இது செராமிக். டீ குடிக்கிற கப்பு இருக்குல்ல, அந்த ஜாதிதான். ஆனா ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல சுட்டு எடுக்கறாங்க. இரும்பைவிடக் கெட்டி. உள்ள இருந்தா லேசுல தேயாது."

உலகநாதன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "உப்புத் தண்ணில துரு ஏறுமா டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

ஆறு மாதத்தில் அவன் மறுபடி கடலுக்குப் போனான். இடுப்பில் ஏதோ கம்பி வைத்திருக்கிறது என்பதோடு ஊர் விட்டுவிட்டது. குண்டைப் பற்றித் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று வசந்தா நினைத்திருந்தாள்.

எலும்பைக் கரைத்துவிடலாம். குண்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வது என்று ராத்திரியே முடிவு செய்திருந்தாள். பிள்ளைகளுக்கு அப்பாவின் உடம்பில் அவ்வளவாவது மிஞ்சட்டும்.

பத்தடி தள்ளி இன்னொரு சாம்பல் மேடு. அதன் அருகில் ஆதிநாராயணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரே மகன் அஜித்குமாரும் உலகநாதனும் ஒரே படகில் போனவர்கள். திரும்பும்போது முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிப்போட்டது. நாலாம் நாள் காட்டுப்பள்ளிப் பக்கம் இரண்டு உடல்கள் ஒதுங்கின.

சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சட்டையைத்தான் காட்டினார்கள். தோள்பட்டையில் தான் போட்ட ஒட்டுத் தையலைப் பார்த்து, இவர்தான் என்று வசந்தா சொன்னாள். மற்றதை ஆதிநாராயணன் வாங்கிக்கொண்டார். இரண்டுக்கும் ஒரே சாயங்காலம் தீ வைத்தார்கள்.

பெரியவர் எதையோ எடுத்து வேட்டி முனையில் துடைப்பதை இப்போது அவள் பார்த்தாள்.

ரோஸ் நிறம்.

படகு கிளம்பிய அன்றைக்கு விடியற்காலையில் குளிர்காற்று. அஜித்குமாருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். நடுக்கடலில் உலகநாதன் தன் சட்டையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்திருப்பான். கொடுக்கக்கூடிய ஆள்தான்.

எழுந்து போனாள். பெரியவரின் காலடியில் கருகிய கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து, எலும்பு ஒதுக்குவது போலச் சாம்பலை அள்ளிக் கம்பியின்மேல் போட்டாள்.

"இன்னா மாமா அது?" அவளே கேட்டாள்.

அவர் அதை விரல்களுக்கிடையில் உருட்டினார்.

"கல்லு மாமா. மண்ணுல கெடந்த கல்லு சுட்டுப் போயிருக்குது. நீங்க பானையில போட்டுடுங்க."

தன் பிள்ளை என்று நினைத்துத்தான் அவர் வாய்க்கரிசி போட்டார், கொள்ளி வைத்தார். ஒரு நாளைக்குள் இன்னொரு தடவை அவர் மகனை எப்படிப் பறிப்பது?

ஆதிநாராயணன் குண்டைப் பாலில் கழுவினார். பானைக்குள் மெதுவாக வைத்தார்.

வசந்தா திரும்பி வந்து தன் மேட்டின் அருகில் மண்டியிட்டாள். இதுவரை குண்டைத் தேடித்தான் துழாவியிருந்தாள். இப்போது முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் இந்த ஊருக்கு வாழவந்தபோது அரைஞாண் கயிறோடு கரையில் ஓடித்திரிந்த பிள்ளை அஜித்குமார். விரல் எலும்பு, பல், பொடி எலும்பு என்று ஒவ்வொன்றாகப் பாலில் நனைத்துப் பானையில் சேர்த்தாள். கடைசியில் அந்தச் சாம்பலிலும் ஒரு கை அள்ளிப் போட்டு, வாயைத் துணியால் கட்டினாள்.

இரண்டு பானைகளுக்கும் ஒரே படகு. படகு ஓட்ட வந்த ஊர்ப் பையன் மோகன்குமார் இன்ஜினைப் பிடித்தபடி முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தாவும் பெரியவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் மடியில் அவரவர் பானை.

ஏரித் தண்ணீர் கடலோடு சேரும் இடத்தில் படகு தூக்கிப்போட்டது. மோகன்குமார் இன்ஜினை நிறுத்தினான்.

ஆதிநாராயணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எம் புள்ளய ஒண்ணு வுடாம எடுத்தியாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் தன் மடியிலிருந்த பானையை இரண்டு கைகளாலும் தூக்கி அவள் மடியில் வைத்தார். பிறகு அவளுடைய பானைக்காகக் கைகளை நீட்டினார்.