மூன்றாவது கல்

மூன்றாவது கல்லையும் இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தார், டெஸ்டுக்கு வந்த ஓவர்சியர் சுகுணா மேடம். கல் இரண்டாக உடைந்தது.

"தேறாதும்மா. புதுசா போடுங்க. அடுத்த மாசம் வர்றேன்."

அவ்வளவுதான். ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

மூன்று மாதத்தில் மூன்றாவது முறை. மகளிர் குழுத் தலைவி பெருமாயிக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

மலைமேல் தேவனூர் நாட்டு ஊர்களில் அரசு கட்டித்தரும் முப்பது வீடுகளுக்கு உள்ளூர் மகளிர் குழுவின் கல்லைத்தான் முதலில் எடுப்போம் என்றார்கள். அதை நம்பி ஐந்து பெண்கள் லோன் போட்டு ஹாலோ பிளாக் மெஷின் வாங்கிவிட்டார்கள். அடுத்த மாதமும் தேறாவிட்டால் ஆர்டர் அடிவாரத்து கான்ட்ராக்டருக்குப் போய்விடும்.

"கல்லு எறுகப் பதினஞ்சு நாள் தண்ணி ஊத்துங்கன்னு அந்தம்மா தலப்பாடா அடிச்சுக்கிறாங்களே அக்கா?" என்றாள் குழுவில் ஒருத்தியான இருசாயி.

"கொட்டற பனி நனைக்காததையா நாம நனைக்கப் போறோம்? ஊத்து எங்கியோ கெடக்குது. கொடம் கொடமா யாரு தூக்கறது? இது வேற சமாச்சாரம் கண்ணு. கான்ட்ராக்டர் அந்தம்மாவ நல்லா கவனிச்சிருப்பான்."

மறுநாளே மனு எழுதிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, கீழே ஆபீசுக்குப் போய்விட்டாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. மத்தியானம் வரை கால் கடுக்க நின்றாள்.

கிளார்க் தனபால் ஒருவழியாக நிமிர்ந்தார். "என்னம்மா?"

"கல்லு டெஸ்ட் விஷயமுங்க. சுகுணா மேடத்து மேல ஒரு மனு..."

"தேவனூர் குழுவா? குடுங்க, குடுங்க. உங்களால அவங்க ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கியாச்சு."

"மெமோவாங்க? எதுக்குங்க?"

தனபால் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "டெஸ்டுக்குப் போகாததுக்குத்தான். ஒரு வாட்டி காய்ச்சலாம். ஒரு வாட்டி வண்டி பஞ்சராம். நேத்து ரோட்டுல மண் சரிவாம், பாதி வழியிலயே திரும்பிட்டாங்களாம். மூணாவது மெமோ டைப் ஆகிட்டிருக்கு."

பெருமாயிக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஏனுங்க, டெஸ்டுல கல்லு ஒடைஞ்சா என்னன்னு எழுதுவாங்க?"

"எழுதறதென்ன? ஒரு தடவை உடைஞ்சாலே குழு பேரை லிஸ்டுல இருந்து அடிச்சிட வேண்டியதுதான். அதை விடுங்க. நேத்து மேடம் அங்க வந்தாங்களா, இல்லையா?"

பெருமாயி மனுவை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்கிருந்துங்க வர்றது? ரோடு பூரா மண்ணு சரிஞ்சு கெடந்துச்சுங்களே! பாவம், அவங்களுக்கு மெமோ குடுக்காதீங்கன்னு சொல்லத்தானுங்க வந்தேன். வாரேனுங்க, போய்த் தண்ணி தூக்கணும்."