கொலுப்படியில் கேடயம்

கல்பாத்தியில் பேராசிரியர் ஆனந்தவல்லியின் கூடத்தில் கொலு விளக்குகள் மினுங்குகின்றன. மரப்பாச்சிக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவே, போன வாரம் வாங்கிய கேடயம் நிமிர்ந்து நிற்கிறது. மாதவிடாய்த் தீட்டை ஒழிக்கும் ஆய்வுக்குக் கிடைத்த விருது. அதற்காகச் சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டங்களில் அட்டைக்கடி பட்டு அலைந்த மாணவி பவ்யா, நல்லேப்பிள்ளி கிராமத்துக்காரி, வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். மேடம் குரலைத் தாழ்த்துகிறார். "குட்டி, நீ இப்போ தூரமொண்ணும் இல்லையே?" வெட்கப்படாமல் உரக்கச் சொல்லுங்கள் என்று மேடைதோறும் முழங்கிய அதே வாய். "ஆமாங்க மேடம், ரெண்டாம் நாளுங்க!" பவ்யா தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள். பட்டுப்புடவை சரசரவென்று பின்வாங்குகிறது. "அங்கேயே நில்லு, கேட்டியா. எனக்கு இதிலொண்ணும் நம்பிக்கையில்லை. எல்லாம் அம்மாவுக்காகவாக்கும்." சுவரில், சந்தன மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுண்டல் கிண்ணம் தரையோடு தள்ளப்பட்டு வாசற்படியில் இடித்து நிற்கிறது. மேடம் கேடயத்தின் பக்கத்தில் போய் நின்று, தலைப்பைச் சரிசெய்து சிரிக்கிறார். "அங்கேர்ந்தே ஒரு போட்டோ எடுத்துடு. கேடயத்தில எழுத்து தெளிவா விழணும்." பவ்யா போனை உயர்த்திப் பார்க்கிறாள், தாழ்த்துகிறாள். "கிட்ட வந்தாத்தானுங்க மேடம் தெளிவா விழும்." சுண்டலைத் தாண்டி, புது மருமகளைப் போல, வலது காலை எடுத்துவைத்து உள்ளே வருகிறாள்.